கோடும் சுருட்டையும்

மே 9

சுருட்டைக்கு,

கோபம் தணிந்ததா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். தணிந்திருக்காது. எனக்கும் தணியவில்லை. போன் செய்யாததற்குக் காரணம் உனக்கே தெரியும். நமக்கு ஒரே குரல். நீ அங்கே கத்தினால் நானே என்னைத் திட்டிக்கொள்வது போல இருக்கிறது. "ரேடியோல ஒரே ஸ்டேஷன் ரெண்டு தடவை ஓடுது. ஆளுக்கொரு பேப்பர் எடுத்துக்கிட்டு வேற வேற ரூமுக்குப் போங்கடி" என்று அம்மா நம்மை விரட்டிய நாளிலிருந்து, சண்டை வந்தால் எழுதித்தான் தீர்த்திருக்கிறோம். இதையும் அப்படியே தீர்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அம்மா வீட்டு அழைப்பு மணியை அடித்தேன். நீ கதவைத் திறந்தாய். என்னை மேலும் கீழும் பார்த்து "யாரு?" என்றாய். சொந்த மூஞ்சியைப் பார்த்து யாரு என்று கேட்ட முதல் மனுஷி நீதான். பின்னாலேயே வந்த அம்மா என் கையில் தண்ணீர் தம்ளரைக் கொடுத்து, "சுருட்டை, உம் பொண்ணு ஹோம்வொர்க் முடிச்சாளா?" என்றாள். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அங்கே ஆரம்பித்தது, வாசல் தாண்டித் தெருவரை போனது. மழை வந்திராவிட்டால் பக்கத்து வீட்டார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நீ கடைசியாகச் சொன்னது இதுதான்: "அம்மாவோட ரிடையர்மென்ட் விழாவுக்கு இந்தத் தலையோட வந்தேன்னா, நான் வரமாட்டேன்." சொல்லிவிட்டுக் கைப்பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டாய்.

ஜூன் பதினான்காம் தேதி அம்மா ஆஸ்பத்திரியை விட்டு வருகிறாள். முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக நின்ற கால்கள். மேடையில் இரண்டு பக்கமும் நாம் இரண்டு பேரும் நிற்கவேண்டும் என்பது அவள் ஆசை. உப்புப் பெறாத ஒரு விஷயத்துக்காக அதைக் கெடுக்காதே.

நமக்கு ஏன் இந்தப் பெயர்கள் வந்தன என்பது உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். பதினாலு வயதில் உனக்குக் காய்ச்சல். ராத்திரி ட்யூட்டி முடித்து வந்த அம்மா, ஊசியை எனக்குப் போட்டுவிட்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்று முழுக்கத் தூங்கினேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு வார்டு முழுக்க ஆள் தப்பாமல் மருந்து கொடுக்கிறவள் சொந்தப் பிள்ளையிடம் தப்பியதை அவளால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமே ஸ்ட்ரைட்னர் வாங்கி வந்தாள். யாராவது ஒருத்திக்கு முடியை நேராக்கிவிட்டால் குழப்பம் தீரும் என்பது அவள் கணக்கு. இரண்டு பேருமே "எனக்கு, எனக்கு" என்று குதித்தோம். இரட்டையரில் மூத்தவள் என்று நான் முந்தி உட்கார்ந்தேன். என் தலை முடிந்த நேரம் ப்யூஸ் போனது. டார்ச் வெளிச்சத்தில் நம் இருவரையும் பார்த்து, "இது போதும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் கோடு, நீ சுருட்டை. நம் தலையெழுத்தை எழுதியது ஒரு ப்யூஸ்.

ஏன் நிறுத்தினேன் என்று கேட்டாயே, பதில் சொல்ல விடாமல். இரண்டு வருஷம் முன்பு ஒரு காலையில் வீட்டில் கரண்ட் இல்லை. ஸ்ட்ரைட்னர் போடாமல் ரிசப்ஷனில் நிற்க முடியாது என்று, ஓட்டலுக்குப் போன் செய்து காய்ச்சல் என்றேன். லீவு போட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கரண்ட் இல்லாவிட்டால் விளக்கு எரியாது, மிக்ஸி ஓடாது, சரி. நான் ஏன் ஓடக்கூடாது? அன்றோடு விட்டேன். கொண்டை போட்டே இரண்டு வருஷம் வளர்த்தேன், அதனால் உங்கள் யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் கருகிய நேர் முடியையெல்லாம் வெட்டித் தள்ளினேன். இப்போது கழுத்துவரை என் சொந்த முடி. எனக்குப் பிடித்திருக்கிறது.

உன்,
கோடு


மே 14

கோட்டுக்கு,

நீட்டி முழக்கி எழுதியிருக்கிறாய். ஓட்டலில் வேலை பார்க்கிறவள் இல்லையா, வாசலில் நிற்கவைத்தே வயிறு நிறைய வைப்பாய்.

ப்யூஸ் கதை எனக்கு மறக்கவில்லை. நீ ஒன்றை விட்டுவிட்டாய். ப்யூஸ் கட்டிய பிறகு நான் அழுதேன். "எனக்கும் போடும்மா" என்று அழுதேன். "ரெண்டு பேருக்கும் போட்டா மறுபடி குழப்பம்டி" என்றாள். அப்புறம் நீ எல்லோருக்கும் அழகியாகிவிட்டாய். பெரியப்பா வீட்டு விசேஷத்தில் உன்னை முன்வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள், என்னைப் பார்த்து "இவ தலைய கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க" என்றார்கள். சரி, இதுதான் என் பங்கு என்று எடுத்துக்கொண்டேன். அதை வைத்தே பெயர் வாங்கினேன். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் என்னைச் "சுருட்டை மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். காதில் ஓட்டை விழுந்து நான் தண்ணீருக்குள் இறங்காமல் போய் ஆறு வருஷமாகிறது. விசிலை ஊதிக்கொண்டு கரையில் நடக்கிறேன். மிச்சமிருப்பது அந்தப் பெயர்தான்.

நீ பதினெட்டு வருஷம் நேர் முடியோடு சுற்றி, அதில் கிடைத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, அது சலித்ததும் என் பங்குக்கு வந்து கை வைக்கிறாய். "என் சொந்த முடி" என்று வேறு எழுதுகிறாய். எனக்கு வயிறு எரிகிறது.

அம்மாவின் ஆசையை என்னிடம் தூக்கிக் காட்டாதே. மேடையில் ஒரே மாதிரி இரண்டு பேர் நின்று, அவள் மைக்கில் பேர் மாற்றிச் சொல்லி, கூடியிருக்கிற நர்ஸெல்லாம் சிரித்தால் அவளுக்கு எப்படியிருக்கும்? ஊசி விஷயத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஒரே ஒரு நாள். ஸ்ட்ரைட்னரை எடுத்துத் தூசி தட்டி, ஒரு நாள் போட்டுக்கொண்டு வா. அதற்கு அப்புறம் எப்படியோ திரி. இல்லையென்றால் நான் வரவில்லை.

சுருட்டை


மே 19

சுருட்டைக்கு,

முடியாது.

ஸ்ட்ரைட்னரைத் தூசி தட்ட முடியாது, அதை நான் தூக்கிப் போட்டு ஒரு வருஷமாகிறது. இருந்தாலும் போடமாட்டேன். என் வலது காதின் மேல்நுனியில் ஒரு தழும்பு இருக்கிறது, தெரியுமா? பத்தாம் வகுப்பில் சுட்டது, மறுபடி மறுபடி அதே இடத்தில் சுட்டது. நீ அழகி என்று சொல்கிறாயே, அந்த அழகிக்கு மழை பெய்தால் பயம், வியர்த்தால் பயம், யாராவது தலையில் கை வைத்தால் பயம். வாங்கியதற்கெல்லாம் விலை கொடுத்துத்தான் வாங்கினேன்.

மேனேஜருக்கே முடியாது என்றவள் உனக்கா மசியப் போகிறேன்? முதல் நாள் இந்தத் தலையோடு போய் நின்றதும் அவர் ஓடி வந்தார். "என்ன இது, ரிசப்ஷன்ல நிக்கிறவங்க தலை இப்படியா இருக்கும்?" என்றார். ஓட்டல் விதியைக் காட்டுங்கள் என்றேன். சுத்தமாக இருக்கவேண்டும், கண்ணை மறைக்கக்கூடாது, அவ்வளவுதான் எழுதியிருந்தது. "சார், அழுக்கா இருக்கா?" "அப்படிச் சொல்லல..." "கண்ண மறைக்குதா?" "இல்ல..." "அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னாடி கெஸ்ட் நிக்கிறாங்க" என்றேன். தள்ளி நின்றார். வருஷா வருஷம் வந்து தங்குகிற ஒரு பெரியவர், "புதுசா சேர்ந்திருக்கீங்களாம்மா? முன்னாடி இருந்தவங்க எங்க?" என்று கேட்டார். "அவங்க இனி வரமாட்டாங்க சார்" என்று சாவியைக் கொடுத்தேன்.

இப்போது என் காலை எப்படிப் போகிறது தெரியுமா? தலை ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனர் தடவி விரலால் சிக்கெடுக்கிறேன். துண்டு போட்டுத் தேய்ப்பதில்லை, பழைய டி-ஷர்ட்டைச் சுற்றி வைக்கிறேன். காய்ந்த பிறகு சீப்பே படக்கூடாது. முதல் வாரம் தலை காக்கை கூடு மாதிரிதான் இருந்தது, அழுகைகூட வந்தது. பழகிவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து சுருட்டை முடியோடு குடித்தனம் நடத்துகிறவள் நீதானே.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். கோபப்படாமல் படி.

அன்றைக்குத் தெருவில் மழை வந்தபோது என் முடி பொங்கியது. சுருட்டை முடி மழையில் அதைத்தான் செய்யும், இரண்டு பங்காகும். உன் முடி படுத்துவிட்டது. காதோரம் இரண்டு கற்றை இழுத்துவிட்ட மாதிரி நேராகத் தொங்கியது. உடனே நீ பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினாய். நனைந்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று ஓடுகிறவர்கள் அப்படி ஓடமாட்டார்கள். அந்த ஓட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருஷம் நான் ஓடிய ஓட்டம் அது.

உன் தலையில் என்ன நடக்கிறது?

கோடு


மே 23

உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ரிசப்ஷனில் நின்று நின்று வருகிறவன் போகிறவனையெல்லாம் நோட்டம் விடுவது பழகிவிட்டது, இப்போது தங்கச்சியையே துப்பறிகிறாய். என் தலை என் தலை. விழாவுக்கு நான் வரவில்லை, நீயே இரண்டு பக்கமும் நின்றுகொள்.

சுருட்டை


மே 26

அக்கா,

ஆமாம், அக்கா என்றுதான் எழுதியிருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டிக்கொள். எத்தனை வருஷம் "அக்கான்னு கூப்பிடுடி" என்று நச்சரித்திருக்கிறாய்.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து தூங்க முயற்சி செய்தேன். வரவில்லை. உன்னிடம் பொய் சொன்னால் எனக்கே கேட்கிறது.

பாப்பா பிறந்த மூன்றாம் மாதம் எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அது எல்லோருக்கும் கொட்டும் என்றார்கள், விட்டுவிட்டேன். திரும்பி முளைத்ததுதான் வேடிக்கை. சுருட்டை இல்லை. நேராக, லேசாக ஒரு நெளிவோடு, வழவழவென்று. பிள்ளை பெற்றால் சிலருக்கு முடியின் குணமே மாறிவிடும் என்று பார்லரில் ஒருத்தி சொன்னாள். நீ தினமும் சூடு வைத்து, காதைச் சுட்டுக்கொண்டு வாங்கிய முடி எனக்குச் சும்மாவே முளைத்தது. பதினாலு வயதில் அழுது கேட்டது முப்பது நெருங்கும்போது வந்து சேர்ந்தது, யாருக்கு வேண்டும்?

அன்றைக்கே உன்னிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம். சொல்லவில்லை. என்னை எல்லோரும் எதை வைத்துக் கண்டுபிடித்தார்களோ அது போய்விட்டது. சுருட்டை என்று கூப்பிட்டால் இனி யார் திரும்புவது? போய் ஒரு கர்லர் வாங்கினேன். சூடான குழல் மாதிரி ஒன்று, அதில் முடியைக் கற்றை கற்றையாகச் சுற்றிச் சுற்றி எடுக்கவேண்டும். எல்லோரும் எழும் முன் எழுந்து அதைச் செய்கிறேன். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொள்வார், நல்ல மனுஷன்.

இதை எழுதத்தான் கை கூசுகிறது. என் காதில் ஓட்டை இல்லை. ஒரு மண்ணும் இல்லை. தண்ணீரில் இறங்கினால் சுருட்டை கரைந்துவிடும், அதற்காக எல்லார் காதிலும் பூ சுற்றினேன். ஆறு வருஷம் அக்கா. நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவள் நான், என் பொண்ணுக்கு வேறொரு மிஸ் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் கையில் பாப்பா மிதக்கக் கற்றுக்கொண்ட நாளில் நான் கரையில் நின்று கைதட்டினேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது நீ அசல் சுருட்டையோடு வந்து என் பக்கத்தில் நின்றால் என்னுடையது என்ன என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் வராதே என்றேன். அம்மா சாக்கு.

இதைப் படித்துவிட்டு சிரி. ஆனால் போனில் கூப்பிட்டுச் சிரிக்காதே.

உன் தங்கச்சி


மே 31

தங்கச்சிக்கு,

சிரித்தேன். ரிசப்ஷனில் நின்றுகொண்டே படித்து, வாய்விட்டுச் சிரித்து, பெட்டி தூக்குகிற அண்ணன் ஓடி வந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கும்படி சிரித்தேன். அடுத்த நிமிஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஒரு ப்யூஸ் போனதற்காக ஒருத்தி அந்த ஊரில் முடியைச் சுருட்டிக்கொண்டும் ஒருத்தி இந்த ஊரில் இழுத்துக்கொண்டும் விடியற்காலையில் நின்றிருக்கிறோம். கரண்ட் பில் கட்டியது மட்டும் மிச்சம். நம்மைப் போல இரண்டு முட்டாள்களை அம்மா ஒரே நாளில் பெற்றிருக்கிறாளே, அவளுக்கு மேடை போட்டு மாலை போடத்தான் வேண்டும்.

கரையில் நின்று கைதட்டினேன் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உன்மேல் கோபமாகவும் வந்தது.

நீ சொன்னதில் ஒன்று தப்பு. உன்னை யாரும் முடியை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. குளமோ கிணறோ எங்கே கூட்டிப் போனாலும், முதலில் குதிக்கிறவள் நீ, கரையில் உட்கார்ந்து எல்லோர் செருப்புக்கும் காவல் இருக்கிறவள் நான். முடி ஒரே மாதிரி இருந்த காலத்திலேயே அப்பா தூரத்திலிருந்து பார்த்து, "குதிக்கிறவ சின்னவ" என்பார். அன்றைக்கு அம்மா ஊசியை மாற்றிப் போட்டது ஏன் தெரியுமா? நாம் படுத்திருந்தோம். நடமாடியிருந்தால் தெரிந்திருக்கும். அம்மா கண்டுபிடித்த வைத்தியம்தான் தப்பு. அதை நாம் இரண்டு பேரும் இந்த வயதுவரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

சுருட்டை முடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக யோசனை சொல்ல வைத்திருந்தேன், உனக்கு ஒன்றும் உதவாது. உன் வேலை சுலபம். கர்லரைப் பிளக்கிலிருந்து பிடுங்கு. நுனியெல்லாம் கருகியிருக்கும், வெட்டிவிடு. நாற்காலியில் உட்காரும்போது பயமாக இருக்கும், நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். திறந்ததும் இரண்டு நாள் தலை லேசாக இருக்கும், கை தானாகப் போய்த் தேடும். அப்புறம் மறந்துவிடும்.

விழாவுக்கு நான் என் தலையோடு வருகிறேன். இதில் மாற்றமில்லை, உனக்காகவும் மாற்றமில்லை. பாசம் இல்லாமல் இல்லை. நீயும் உன் தலையோடு வா. யார் யார் என்று ஆஸ்பத்திரியே குழம்பட்டும், ஒரு கை பார்க்கலாம். வராமல் இருந்தால் மேடையிலிருந்து இறங்கி, மாலையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டு வாசலுக்கே வருவேன்.

அப்புறம், தண்ணீரில் இறங்கு.

உன் அக்கா


ஜூன் 17

அக்கா,

கோடு என்று எழுத வந்து கை நின்றுவிட்டது. அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது கோடு நான், சுருட்டை நீ. பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் தலைய மாத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டாளே. அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

மேடையில் அம்மா உன்னைப் பார்த்து "சுருட்டை" என்று ஆரம்பித்து மைக்கோடு திகைத்து நின்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. பழைய ஊசி அவள் முகத்தில் தெரிந்தது. உன் கையைக் கிள்ளியது அதனால்தான், மன்னித்துக்கொள். ஆனால் அடுத்து அவள் செய்தது! "ரெண்டு பேரும் அந்தக் கோடிவரைக்கும் நடந்துட்டு வாங்கடி" என்று நர்ஸ் குரலில் ஒரு அதட்டல். அத்தனை பேர் முன்னாடி நாம் நோயாளிகள் மாதிரி நடந்துவிட்டு வந்தோம். "இது பெரியவ, இது சின்னவ. இனிமே எனக்குச் சந்தேகமே வராது" என்றாளே, அப்போது அவள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தாயா? கைதட்டலில் நீ அழுததை நான் பார்த்தேன். மறுக்காதே.

நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. நீ ரயிலேறிய பிறகு, அம்மா என்னைத் தரையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே, "காது எப்படிடி இருக்கு?" என்றாள். "பரவாயில்லம்மா" என்றேன். "நாந்தான் அப்பவே டார்ச் அடிச்சுப் பாத்தேனே, நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். ஆறு வருஷமாகத் தெரிந்தே வைத்திருந்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்கவில்லை.

நேற்றுக் காலை குளத்துக்குப் போனேன். கர்லரை முந்தின நாளே குப்பையில் போட்டாயிற்று. உடை மாற்றும் அறையில் என் பழைய நீச்சலுடை பத்தவில்லை, இன்னொரு மிஸ்ஸிடம் இரவல் வாங்கினேன். வெளியே வந்தால் பிள்ளைகள் எல்லோரும் விழிக்கிறார்கள். "சுருட்டை மிஸ் எங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "நாந்தான்" என்றேன். விசிலைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

பாப்பா ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஆழமான பக்கத்திலிருந்து குதித்தேன். கை கால் எதையும் மறக்கவில்லை. அடியிலேயே நீந்திப் போய் அவள் காலடியில் எழுந்தேன். தலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, முடி முகத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

அவள் என் தலையைப் பார்க்கவே இல்லை அக்கா. இரண்டு ஈரக் கையாலும் என் காதுகளைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, "வலிக்கலையாம்மா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"நெசமா?"

"நெசமா."

"அப்ப இன்னொரு தடவை குதி" என்றாள். குதித்தேன். 

சண்டை முடிந்தது. இனி நீ போனிலேயே கூப்பிடலாம்.

உன் தங்கச்சி